சபைக் கூடத்தில் உங்கள் ஓவியங்களை மாட்டுவது எப்படி: ஃபிரேம் போடுகிறவனின் குறிப்புகள்

ஓவியக் காட்சிக்கூடத்துக்கு வருகிறவர் படம் பார்க்கவென்றே வருகிறார். சபைக் கூடத்துக்கு வருகிறவர் ஆராதனைக்கு வருவார், பாடகர் குழு ஒத்திகைக்கு வருவார், பிள்ளையை ஞாயிறு பள்ளியில் விட வருவார், யாரோ ஒருவருடைய அடக்க ஆராதனைக்குக் கனத்த மனதோடு வருவார். போகிற போக்கில் உங்கள் படம் கண்ணில் பட்டால் உண்டு. இதை மறந்துவிட்டு ஏற்பாடு செய்கிற காட்சிகள்தான் பெரும்பாலும் சொதப்புகின்றன.

படங்களுக்கு ஃபிரேம் போடுவது என் தொழில். எங்கள் சபைக் கூடத்துச் சுவர்களை உள்ளூர் ஓவியர்களுக்குத் திறந்துவிடலாம் என்று கமிட்டி முடிவு செய்தபோது பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்குக் கலை தெரியும் என்று யாரும் நினைக்கவில்லை; டிரில்லிங் மெஷின் என்னிடம்தான் இருந்தது. அன்றிலிருந்து படம் கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். பதில்களை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன். ஓவியர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், இப்படியொரு சுவரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருக்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் கூடத்தைப் போய்ப் பாருங்கள்

விண்ணப்பம் எழுதுவதற்கு முன்பே போங்கள். ஆராதனை முடிந்து கூட்டம் கலைகிற நேரத்தில் ஒருமுறை, வாரநாள் மாலையில் ஒருமுறை, யாரும் இல்லாத பகலில் ஒருமுறை. மூன்றும் மூன்று வெவ்வேறு கூடங்கள்.

கூட்டம் கலையும்போது ஜனம் எங்கே நின்று பேசுகிறது என்று கவனியுங்கள். அந்தச் சுவர்தான் உங்களுக்கு வேண்டிய சுவர். வாசலுக்கு நேர் எதிரே இருப்பது பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அதன் முன்னால் யாரும் நிற்க மாட்டார்கள். எல்லாரும் வெளியே போகிற அவசரத்தில் இருப்பார்கள். மாலையில் போனால் வேறு யார் யார் கூடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று தெரியும். பிள்ளைகள் பந்து விளையாடுகிற கூடத்தில் கண்ணாடி போட்ட படத்துக்கு வேலையில்லை. நாற்காலிகளை எங்கே அடுக்குகிறார்கள் என்று பாருங்கள். நாற்காலி முதுகின் உயரம் 80, 90 சென்டிமீட்டர்தான்; அடுக்கினால் அதற்கும் மேலே ஏறும். கேன்வாஸின் கீழ்மூலையில் வரிசையாகக் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் அது நாற்காலியின் வேலை. புரொஜெக்டர் திரை இறங்குகிற இடம், கதவு முழுசாகத் திறந்தால் போய் முட்டுகிற இடம், ஏசியின் காற்று நேராக வீசுகிற இடம் மூன்றையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

யாரும் இல்லாத பகலில் போவது வெயிலைப் பார்க்க. வழிபாட்டுக் கூடங்களில் ஜன்னல்கள் பெரிது. கட்டியவர்கள் வெளிச்சம் வேண்டும் என்று கட்டினார்கள். ஓவியத்துக்கோ வெளிச்சம்தான் எதிரி. காகிதத்தில் வரைந்த நீர்வண்ணத்துக்கு அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்ளும் அளவு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழுகிற வெளிச்சத்தை அளக்கிற அலகு). ஆயில், அக்ரிலிக் வண்ணங்களில் வரைந்ததற்கு 200 லக்ஸ். நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வெயில் நேராகப் படாமல் ஜன்னலோர வெளிச்சம் மட்டும் படுகிற சுவரில்கூட 1000 லக்ஸ் எளிதாக வந்துவிடும்.

இந்தச் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. கணக்கைப் பாருங்கள். 1000 லக்ஸ் வெளிச்சத்தில் நாளுக்கு 8 மணி நேரம், ஆறு வாரம் ஒரு நீர்வண்ணம் தொங்கினால், 50 லக்ஸ் போட்ட அருங்காட்சியகத்தில் 840 நாள் தொங்கியதற்குச் சமம். ஆறே வாரத்தில் இரண்டு வருஷத்துக்கும் மேலான வயது. வான்கோ 1888இல் வரைந்த படுக்கையறை ஓவியத்தின் சுவர்கள் இன்று நீலமாகத் தெரிகின்றன. அவர் பூசியது ஊதா. அதில் கலந்திருந்த சிவப்பு வெளிச்சத்தில் மங்கிப் போய்விட்டது. அவருக்கே அந்தக் கதி என்றால் நம் பெட்டியில் இருக்கிற விலை குறைந்த சிவப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெயில் படுகிற சுவர்தான் கிடைக்கும் என்றால் ஆயிலையோ அக்ரிலிக்கையோ அங்கே மாட்டுங்கள், நீர்வண்ணத்தை உள் நடைபாதைக்குக் கொண்டுபோங்கள்.

எந்தப் படங்களைக் கொண்டுவருவது

மதம் சம்பந்தப்பட்ட படமாகத்தான் இருக்க வேண்டுமா என்று பலர் தயங்கிக்கொண்டு கேட்கிறார்கள். வேண்டியதில்லை. நியூயார்க்கில் ஜட்சன் நினைவுத் தேவாலயம் தன் அடித்தளத்தைக் கலைஞர்களுக்குக் கொடுத்தது. 1960இல் அங்கே கிளேஸ் ஓல்டன்பர்க்கும் ஜிம் டைனும் அட்டை, சாக்கு, பழைய செய்தித்தாள் என்று தெருக்குப்பையை வைத்தே காட்சி அமைத்தார்கள். அதில் வேதாகமக் காட்சி எதுவும் இல்லை. அதற்காக எல்லாச் சபையும் அப்படி இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எதை ஏற்பார்கள், எதை ஏற்கமாட்டார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். நிர்வாணம், தேர்தல் அரசியல், ரத்தம், வேறொரு மதத்தைக் கிண்டல் செய்வது: இந்த நாலைப் பற்றித்தான் எப்போதும் பேச்சு வரும். எழுத்தில் இல்லையென்றால் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். மாட்டிய பிறகு வருகிற தகராறில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

எழுத்து விதி எதிலும் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. கூடத்தில் அடக்க ஆராதனை நடக்கும். எங்கள் கூடத்தில் இறந்தவருடைய போட்டோவை வைக்கிற மேசை வழக்கமாக வடக்குச் சுவரை ஒட்டிப் போடப்படும். ஒருமுறை அந்தச் சுவரில் பெரிய சிவப்புக் கேன்வாஸ் தொங்கியது. நல்ல படம், எனக்கு மிகவும் பிடித்த படம். ஆனால் அதற்குக் கீழே அந்தச் சின்ன போட்டோ, அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள். மூத்த மகள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, இருவருமாக மேசையின் இரண்டு முனையையும் பிடித்து எதிர்ச் சுவருக்கு நகர்த்திக்கொண்டார்கள். அன்றிலிருந்து வடக்குச் சுவரில் மேசை அகலத்துக்கு எதையும் மாட்டுவதில்லை. உங்களுக்குத் தருகிற சுவரில் இப்படி ஓர் இடம் காலியாக இருந்தால், அங்கே ஒரு படம் கூடுதலாக மாட்டலாமே என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கும்.

பிரசங்க மேடைக்குப் பின்னால் இடம் கிடைத்தாலும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் எல்லாரும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள் என்பது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் படம் நன்றாக இருந்தால் பிரசங்கம் அடிபடும், இல்லையென்றால் படம் அடிபடும்.

எண்ணிக்கைக்கு என் கைக்கணக்கு: எல்லாப் படங்களின் அகலத்தையும் கூட்டினால் சுவரின் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. 9 மீட்டர் சுவருக்கு நாலரை மீட்டர் படம். ஓவியர்கள் எப்போதும் இதற்கு மேலேதான் கொண்டுவருவார்கள். மிச்சத்தை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன். உள்ளே வந்துவிட்டால் திருப்பி அனுப்ப மனசு வராது.

ஃபிரேமும் பின்பக்கமும்

இந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு படம் வந்தால் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். முன்பக்கத்தில் உழைப்பைக் கொட்டிவிட்டுப் பின்பக்கத்தில் ஒரு நூலைக் கட்டிக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். நூல், சணல், ரிப்பன் எதுவும் கூடாது. ரம்பப் பல் மாதிரி இருக்கிற சின்னத் தகட்டுக் கொக்கியும் கூடாது. கதவு ஓங்கிச் சாத்தினாலே அதிலிருந்து படம் நழுவும். ஃபிரேமின் இரண்டு பக்கக் கட்டையிலும் ஒவ்வொரு டி-வளையம் (D வடிவ உலோக வளையம்), மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கத்தில், திருகாணி போட்டு முடுக்கியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே பின்னிய பிக்சர் கம்பி. கம்பியை விறைப்பாகக் கட்டாதீர்கள். நடுவில் விரலை விட்டு மேலே இழுத்தால் அதன் உச்சி ஃபிரேமின் மேல்விளிம்புக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் கீழே நிற்க வேண்டும். அதற்கு மேலே வந்தால் கொக்கி வெளியே தெரியும். கீழ்மூலை இரண்டிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். படம் சுவரில் வழுக்காது, பின்னால் காற்று ஓடும், சுவரில் கறுப்புக் கோடு விழாது.

காகித ஓவியத்தை மவுண்ட் அட்டையில் (ஃபிரேமுக்குள் படத்தைத் தாங்க வைக்கிற தடித்த அட்டை) ஒட்டச் செல்லோடேப்பையோ மாஸ்கிங் டேப்பையோ தொடாதீர்கள். அந்தப் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள்ளேயே இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. மாவுப்பசையும் மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டும் போதும். மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் ஒட்டித் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரக் காற்றில் காகிதம் விரிய இடமில்லாமல் நடுவில் உப்பி நிற்கும். மழைக்குப் பிறகு கூடத்துப் படங்களைப் பார்த்தால் எதை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று முன்னாலிருந்தே சொல்லிவிடலாம்.

படத்துக்கு முன்னால் கண்ணாடியா, அக்ரிலிக் ஷீட் என்கிற தெளிவான பிளாஸ்டிக் தகடா? ஆள் நடமாட்டமும் பிள்ளைகளும் இருக்கிற கூடத்துக்கு அக்ரிலிக் ஷீட்தான். உடைந்து சிதறாது, எடையும் பாதிதான். ஒரே விதிவிலக்கு, பேஸ்டல் என்கிற தூள் வண்ணக் குச்சியில் வரைந்த ஓவியமும் கரிக்கோல் ஓவியமும். ஷீட்டைத் துடைத்தாலே நிலைமின்சாரம் ஏறும், அது தூளைக் காகிதத்திலிருந்து தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். உள்பக்கம் முழுக்கப் புகை பிடித்த மாதிரி ஆகிவிடும். அவற்றுக்குக் கண்ணாடி போட்டு, கண்ணாடி படத்தைத் தொடாதபடி மவுண்ட் வைத்து, பிள்ளைகள் ஓடாத சுவரில் மாட்டுங்கள்.

ஃபிரேம் இல்லாத கேன்வாஸ் தாராளமாக வரலாம், பக்கவாட்டு விளிம்புகளையும் வண்ணம் பூசி முடித்திருந்தால். பென்சில் கோடும் ஸ்டேப்பிள் பின்னும் பக்கத்தில் தெரிந்தால் மற்ற படங்களும் சேர்ந்து மலிவாகத் தெரியும். ஆயில் தொட்டால் ஒட்டுகிற நிலையில் இருந்தால் கொண்டுவராதீர்கள். இங்கே யாராவது கட்டாயம் தொடுவார்கள்.

வண்டியில் கொண்டுவரும்போது அக்ரிலிக் ஓவியத்தை நேராகப் பப்பிள் ராப்பில் சுற்றாதீர்கள். அக்ரிலிக் காய்ந்த பிறகும் ஓரளவு இளக்கமாகவே இருக்கும். சூடு ஏறினால் இன்னும் இளகும். குமிழி குமிழியாக அச்சு விழுந்துவிடும். முதலில் பளபளப்பான பட்டர் பேப்பர், அதற்கு மேலே பப்பிள் ராப், குமிழிகள் வெளிப்பக்கம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஒரு பக்கத் தாள் போதும், ஆனால் இருந்தே ஆக வேண்டும். படங்களின் பட்டியல், விலை, மாட்டுகிற நாள், இறக்குகிற நாள், சாவி யாரிடம் இருக்கும், படம் திருட்டுப் போனாலோ சேதமானாலோ யார் பொறுப்பு. கடைசியில் சொன்னதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்பார்கள்; அது சபையின் சொத்துக்கு இருக்கும், உங்கள் படத்துக்கும் சேர்த்து இருக்கிறதா என்று பாலிசியைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீங்களே எடுப்பதா, துணிந்து விட்டுவிடுவதா என்று முடிவு செய்யலாம். எப்படியானாலும் ஒப்படைக்கிற அன்று ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும், நாலு மூலையும் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனைப் பணம் சபையின் கைக்கு வராமல் வாங்குகிறவரிடமிருந்து நேராக ஓவியருக்குப் போவதே நல்லது என்பது என் கட்சி. சபையின் கணக்கில் வியாபாரப் பணம் நுழைந்தால் பொருளாளருக்கு வரிக் கணக்கில் தலைவலி. வணிகக் காட்சிக்கூடங்கள் விலையில் பாதி வரை எடுத்துக்கொள்வது உண்டு. சபைகளில் சிலர் பத்து, இருபது சதவீதம் கேட்பார்கள், சிலர் காணிக்கையாக மனம்போல் கொடுங்கள் என்பார்கள். மனம்போல் என்பது இரண்டு தரப்புக்கும் சங்கடம். ஒரு எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். படம் விற்றுப்போனாலும் காட்சி முடிகிறவரை சுவரிலேயே இருக்கும், லேபிளில் சிவப்புப் பொட்டு வைப்போம் என்பதையும் எழுதிவிடுங்கள். படத்தை விற்பதாலேயே பதிப்புரிமை கைமாறிவிடாது. சபையின் நாள்காட்டியில் உங்கள் ஓவியத்தை அச்சடிக்க ஆசைப்பட்டால் தனியாக அனுமதி கேட்க வேண்டும்.

மாட்டுகிற நாள்

தனியாக வராதீர்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் தூரத்தில் நின்று சொல்ல ஆள் வேண்டும். எல்லாப் படங்களையும் சுவரடியில் தரையில் சாய்த்து வரிசை பாருங்கள். மாற்றுவதெல்லாம் தரையிலேயே நடக்கட்டும். சுவரில் ஓட்டை போட்ட பிறகு மனம் மாறுகிறவர்களுக்கு என்னிடம் மரியாதை குறைவு.

உயரம் இப்படி: படத்தின் நடு தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் நிற்க வேண்டும். பெரியதும் சின்னதும் கலந்திருந்தாலும் நடுக்கோடு ஒன்றுதான். மேல்விளிம்பை நேராக்கப் பார்க்காதீர்கள். கொக்கி எங்கே வரும்? 150ஓடு படத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, கம்பியின் உச்சி மேல்விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதோ அதைக் கழியுங்கள். 60 சென்டிமீட்டர் உயரப் படம், கம்பி 8 சென்டிமீட்டர் கீழே என்றால், 150 கூட்டல் 30 கழித்தல் 8: தரையிலிருந்து 172. ஒரு கொக்கிக்குப் பதிலாக ஒரு ஜாண் இடைவெளியில் இரண்டு கொக்கி அடித்தால் படம் சாய்ந்து போகாது. மட்டம் வைத்து இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுவரின் மேலே படங்களைத் தொங்கவிடும் ரெயில் (நீளமான உலோகச் சட்டம்) இருக்கிற கூடமானால் இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. கேபிளில் கொக்கியை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். புதிதாகச் சுவர் ஏற்பாடு செய்கிற சபைகள் முதல் செலவாக ரெயிலைத்தான் போட வேண்டும்.

லேபிள் படத்தின் வலதுபுறம், கீழ்ப்பக்கமாக. பெயர், தலைப்பு, எதில் வரைந்தது, அளவு, விலை. எழுத்து பெரிதாக இருக்கட்டும். சபைக்கு வருகிறவர்களில் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர்கள் அதிகம். உங்களைப் பற்றிய குறிப்பு நூறு வார்த்தைக்குள். எங்கே படித்தீர்கள், என்ன பரிசு வாங்கினீர்கள் என்பதை விட இந்த மரத்தை ஏன் திரும்பத் திரும்ப வரைகிறீர்கள் என்று எழுதினால் நின்று படிப்பார்கள்.

தொடக்க விழா என்று தனியாக ஒரு மாலை வைக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் மட்டும் வருவார்கள். ஆராதனை முடிந்த கையோடு, அறிவிப்புகளின்போது போதகர் ஒரு வரி சொல்லட்டும், நீங்கள் கூடத்தில் இருங்கள். உங்கள் படத்தை ஒட்டியே நிற்காதீர்கள், காவல் காக்கிற மாதிரி இருக்கும். நாலடி தள்ளி நில்லுங்கள். நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்தான் அதிகம். எவ்வளவு நாள் பிடித்தது என்று கேட்கிறவரிடம் கூடுதல் நேரம் பேசுங்கள். வாங்குகிறவர் பெரும்பாலும் அந்த ஆளாகத்தான் இருப்பார்.

யாருக்காவது பிடிக்காமல் போனால்

போகும். அதற்கு முன்கூட்டியே ஒரு வழி இருக்க வேண்டும்: புகார் ஒரே ஒருவரிடம் வரட்டும், எழுத்தில் வரட்டும், கழற்றுவதா வேண்டாமா என்று கமிட்டி ஓவியரோடு பேசி முடிவெடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கோபத்தில் யாரோ ஒருவர் படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்த்தபடி திருப்பி வைப்பதுதான் நடக்கக் கூடாதது. பேசிவிட்டுக் கழற்றலாம், கழற்றிவிட்டுப் பேசினால் பேச்சு ஒட்டாது.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டனில் புனித மத்தேயு ஆலயத்தின் போதகர் வால்டர் ஹஸ்ஸி, ஹென்றி மூரைக் கொண்டு தாயும் சேயும் சிற்பம் ஒன்றைச் செய்வித்து 1944இல் ஆலயத்தில் நிறுத்தினார். உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்தன. அவர் அசையவில்லை, 1946இல் கிரஹாம் சதர்லாந்தின் சிலுவைப்பாட்டு ஓவியத்தையும் வரவழைத்தார். இரண்டும் அந்த ஆலயத்தில்தான் இருக்கின்றன. இதைச் சொல்வது ஓவியர்களுக்குத் தைரியம் கொடுக்க மட்டுமில்லை. ஹஸ்ஸி மாதிரி உள்ளேயிருந்து ஒருவர் பொறுப்பேற்று நின்றால்தான் சங்கடமான படம் சுவரில் தங்கும். அப்படி ஒருவர் உங்கள் பக்கம் இருக்கிறாரா என்று மாட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த ஒரு படத்தை வேறு சுவருக்கு வைத்துக்கொள்வதில் அவமானம் எதுவும் இல்லை.

இறக்குகிற நாள்

சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வாருங்கள். அடுத்த ஓவியர் வண்டியோடு வாசலில் நிற்பார். கொக்கிகளைப் பிடுங்கி, ஓட்டைகளில் புட்டி அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, சுவரின் அதே வண்ணத்தைத் தொட்டு வையுங்கள். கூடத்துக்கு அடித்த பெயின்டில் மிச்சம் ஒரு டப்பா எங்காவது இருக்கும்; வேறு வெள்ளையை எடுத்துப் பூசினால் பொட்டுப் பொட்டாகத் தெரியும். விற்ற படத்தை வாங்கியவரிடம் நீங்களே கையில் கொடுங்கள், டி-வளையமும் கம்பியும் அப்படியே இருக்கட்டும். இரண்டு கொக்கியையும் சேர்த்துக் கொடுத்து, அந்த 150 சென்டிமீட்டர் கணக்கையும் சொல்லி அனுப்புங்கள். பெரும்பாலோர் வீட்டில் படத்தை ரொம்ப உயரத்தில்தான் மாட்டுகிறார்கள்.